சீனம் கற்போம்: நோயும் மருந்தும் குறித்து வாசகர்கள் கேட்டவை

உடல்நலம் சார்ந்த சீனச் சொற்களைப் பற்றி வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறேன். சீனச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். ஒவ்வோர் அசைக்குப் பின்னும் உள்ள எண் அதன் தொனியைக் காட்டும். 1 என்பது உயர்ந்த குரலில் சமமாக நீளும். 2 என்பது வியந்து கேட்பதுபோல் மேலேறும். 3 என்பது தாழ்ந்து அடங்கும். 4 என்பது அதட்டுவதுபோல் சட்டென இறங்கும். எண் இல்லாத அசையை மெலிதாக ஒலித்தால் போதும்.

கேள்வி: ஐயா, நான் இராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் பணிபுரிகிறேன். சீனச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறிப்பேட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். ஆனால், நான் சொல்வது சீன நண்பர்களுக்குப் புரிவதில்லை. நோய் பற்றிய சொற்களிலும் இப்படி நேர்ந்தால் ஆபத்து அல்லவா?

ஆபத்துதான், ஆகவே முதலில் இதைச் சரிசெய்துகொள்ளுங்கள். தமிழில் குரலை ஏற்றினாலும் இறக்கினாலும் சொல்பவரின் உணர்ச்சி மாறுமே தவிர சொல்லின் பொருள் மாறாது. சீனத்தில் பொருளே மாறிவிடும். ‘த்ஹாங்1’ என்றால் சூப்பு, ‘த்ஹாங்2’ என்றால் சர்க்கரை, ‘த்ஹாங்3’ என்றால் படுத்துக்கொள், ‘த்ஹாங்4’ என்றால் கொதிக்கும் சூடு. இந்த நான்கும் நோயாளியின் படுக்கையருகே ஒரே நாளில் பேசப்படக்கூடிய சொற்கள். அவ்வாறே ‘பிங்4’ என்பது நோய், ‘பிங்1’ என்பது பனிக்கட்டி, ‘பிங்3’ என்பது அடை போன்ற ஒரு பண்டம். குறிப்பேட்டில் எண் இல்லாமல் வெறும் ‘பிங்’ என்று எழுதியிருந்தால் நீங்கள் அந்தச் சொல்லில் பாதியைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்தது மூச்சு. சீனத்தில் ஒலியோடு மூச்சு வெடித்து வெளியேறுகிறதா, இல்லையா என்பதே இரு சொற்களைப் பிரிக்கும். ‘தூ4-த்ஸ’ என்றால் வயிறு. அதே சொல்லின் முதல் ஒலியை மூச்சோடு ‘த்ஹூ4-த்ஸ’ என்று சொன்னால் முயல். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். வயிற்றுக்குக் காற்று கையில் படக் கூடாது, முயலுக்குப் பட வேண்டும். இதில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. ‘பல்’, ‘கண்’, ‘தலை’ என்னும் சொற்களின் முதலில் நாம் இயல்பாக ஒலிக்கும் வல்லினம் மூச்சு வெடிக்காத ஒலி. சீனர் ‘பிங்4’ என்பதிலும் ‘தூ4-த்ஸ’ என்பதிலும் ஒலிப்பது ஏறத்தாழ அதுவே. நாம் புதிதாகப் பழக வேண்டியது மூச்சுள்ள ஒலியை மட்டும். அதைத்தான் இங்கே ‘ஹ’ சேர்த்துக் காட்டுகிறேன். இன்னொரு வசதி, நம் ழகரம். வெப்பம் என்பதற்கான ‘ழ4’ என்னும் சொல்லைப் பிற நாட்டு மாணவர்கள் நெடுநாள் பழகியும் தடுமாறுவார்கள். ‘பழம்’ என்பதைத் திருத்தமாகச் சொல்லத் தெரிந்தவருக்கு அதன் நாவிடம் முன்பே கைவந்திருக்கிறது.

தமிழ் எழுத்து நினைவுக்கு உதவும், அகராதிக்கு உதவாது. ஆகவே 1958இல் சீன அரசு ஏற்றுக்கொண்ட பின்யின் என்னும் உரோம எழுத்து முறையையும் உடன் கற்றுக்கொள்ளுங்கள். அகராதிகளில் தேடவும் கைப்பேசியில் தட்டவும் அதுவே வழி.

கேள்வி: ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் இயந்திரப் பிரிவில் இருக்கிறேன். புதிய இயந்திரங்களைப் பழகிக்கொள்ள என்னைக் குவாங்தோங் மாகாணத்தின் தோங்குவான் நகருக்கு அனுப்பப் போகிறார்கள். உடம்புக்கு முடியாமல் போனால் சமாளிக்க எந்தச் சொற்களை முதலில் படிக்க வேண்டும்?

பலரும் நோய்ப் பெயர்களின் பட்டியலைத்தான் முதலில் படிக்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. நோயின் பெயரைச் சொல்வது மருத்துவரின் வேலை. நோயாளியின் வேலை, கேட்ட கேள்வியைப் புரிந்துகொண்டு இடத்தையும் காலத்தையும் அளவையும் சொல்வது. ஆகவே மருத்துவர் கேட்கும் கேள்விகளை முதலில் காதுக்குப் பழக்குங்கள். உங்கள் விடைகளை அதன் பிறகு படியுங்கள்.

இதற்கு நம் வேலூரிலேயே சான்று உண்டு. 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி இன்று கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. அதை நாடி வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வரும் நோயாளிகளால் தோட்டப்பாளையத்தைச் சுற்றியுள்ள விடுதிகளிலும் மருந்துக் கடைகளிலும் வேலை செய்வோர் வங்காளி பேசுகிறார்கள். அவர்கள் இலக்கணம் படிக்கவில்லை. ‘ஜொர்’ என்றால் காய்ச்சல் என்பதையும், எங்கே வலி, எத்தனை நாளாக என்று கேட்பதையும் முழு வாக்கியங்களாகக் காதில் வாங்கி, அப்படியே திருப்பிச் சொல்லிப் பழகினார்கள். நீங்களும் அவ்வாறே தொடங்கலாம்.

மருத்துவர் முதலில் கேட்பது, ‘நா3-லி பு4 ஷூ1-ஃபு?’ அதாவது, எங்கே முடியவில்லை என்பது. ‘ஷூ1-ஃபு’ என்பது உடல் இதமாக இருப்பது. ‘பு4’ அதை மறுக்கும் சொல். உடலில் எந்தத் தொல்லை இருந்தாலும் ‘வோ3 பு4 ஷூ1-ஃபு’, எனக்கு உடம்பு சரியில்லை, என்று சொல்லிவிடலாம். வலிக்கும் உறுப்பின் பெயர் தெரியாவிட்டால் விரலை வைத்து ‘ஜ4-லி த்ஹங்2’, இங்கே வலிக்கிறது, என்று சொல்லுங்கள். பெயர் தெரிந்தால் உறுப்பை முன்னே வைத்து ‘த்ஹங்2’ சேர்த்தால் முடிந்தது: தலைவலி ‘த்ஹோ2 த்ஹங்2’, வயிற்றுவலி ‘தூ4-த்ஸ த்ஹங்2’, பல்வலி ‘யா2 த்ஹங்2’, இடுப்புவலி ‘யாவ்1 த்ஹங்2’. தமிழ்த் தொகைச்சொற்களின் வரிசையே இங்கும் இருப்பதால் இவை விரைவில் மனத்தில் தங்கும்.

இரண்டாவது கேள்வி ‘துவோ1 ஜியோ3 ல?’, எவ்வளவு காலமாக? இதற்கு விடை ‘லியாங்3 த்ஹியென்1 ல’, இரண்டு நாளாக. இரண்டு என்று எண்ணும்போது ‘அர்4’ எனப் படித்திருப்பீர்கள். ஆனால் இரண்டு நாள், இரண்டு மாத்திரை என்று பொருளோடு சேர்த்துச் சொல்லும்போது ‘லியாங்3’ என்றே வர வேண்டும். மூன்றாவது கேள்வி ‘ஃபா1-ஷாவ்1 மா?’, காய்ச்சல் உண்டா? நான்காவது, எல்லாவற்றிலும் முதன்மையானது, ‘யோ3 மேய்2-யோ3 குவோ4-மின்3?’, ஒவ்வாமை ஏதும் உண்டா? இல்லை என்றால் ‘மேய்2-யோ3’. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர், ‘வோ3 துவேய்4 ச்சிங்1-மேய்2-ஸூ4 குவோ4-மின்3’ என்ற வாக்கியத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் படித்துவிட வேண்டும். அதைச் சீன எழுத்தில் ஒரு சீட்டில் எழுதிக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்வதும் கட்டாயம்.

பொதுவான தொல்லைகளில் சளி, தும்மலோடு வரும் நீர்க்கோவைக்கு ‘கான்3-மாவ்4’, இருமலுக்கு ‘க்ஹ2-ஸோ’, தலைசுற்றலுக்கு ‘த்ஹோ2-யுன்1’, பேதிக்கு ‘லா1 தூ4-த்ஸ’ என்பவை போதும். வாந்திக்குரிய ‘த்ஹூ4’ நான்காம் தொனியில்தான் வர வேண்டும். மூன்றாம் தொனியில் சொன்னால் வேண்டுமென்றே துப்புவது என்றாகிவிடும்.

நீங்கள் இயந்திரத்தருகே நிற்பவர் என்பதால் காயத்துக்கான சொற்களைத் தள்ளிப்போட வேண்டாம். காயம்படுவது ‘ஷோ4-ஷாங்1’, இரத்தம் வடிவது ‘லியோ2-ஷுவெ4’, சுடுபொருளால் வெந்துபோவது ‘த்ஹாங்4-ஷாங்1’. தோல் கிழிந்த காயம் என்றால் டெட்டனசு ஊசி பற்றிக் கேட்பார்கள். அந்த நோய்க்கு ‘ப்ஹோ4-ஷாங்1-ஃபங்1’ என்று பெயர். டெங்கு ‘தங்1-க2-ழ4’, முதல் இரண்டு அசைகளும் வெளிநாட்டுப் பெயரின் ஒலியைத் தழுவியவை, கடைசியில் நிற்பது வெப்பம் என்னும் அதே ‘ழ4’. குவாங்தோங் கொசு மிகுந்த வெப்பப் பகுதி என்பதால் இச்சொல்லையும் தெரிந்துகொண்டு செல்லுங்கள்.

சீனாவில் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் முதல் வேலை ‘குவா4-ஹாவ்4’, பெயர் பதிந்து எண் வாங்குவது. கடவுச்சீட்டைக் கேட்பார்கள். எந்தப் பிரிவு என்றும் கேட்பார்கள்: காய்ச்சல், இருமல், வயிற்றுக் கோளாறு ஆகியவற்றுக்கு ‘நேய்4-க்ஹ1’, காயத்துக்கும் அறுவைக்கும் ‘வாய்4-க்ஹ1’. முதலாவது அகம், இரண்டாவது புறம் என்று நினைவில் கொள்ளலாம். இரவிலோ நிலைமை மோசமானாலோ ‘ஜி2-ஜன்3’ என்று எழுதியிருக்கும் அவசரப் பிரிவுக்கு நேரே செல்லுங்கள். பெரும்பாலும் சோதனைக்கும் மருந்துக்கும் முன்கூட்டியே பணம் கட்டிய பிறகே அடுத்த அறைக்கு அனுப்புவார்கள். 2003இல் சார்சு பரவியதற்குப் பின் பல மருத்துவமனைகளில் காய்ச்சல்காரர்களைத் தனியே பார்க்க ‘ஃபா1-ழ4 மன்2-ஜன்3’ என்ற பிரிவை ஏற்படுத்தியிருக்கிறார்கள். உங்களை அங்கே திருப்பி அனுப்பினால் அஞ்ச வேண்டியதில்லை.

மருந்தைப் பொறுத்தவரை நாம் ‘மருந்து சாப்பிடு’ என்பதுபோலவே அவர்களும் ‘ச்சி1 யாவ்4’, மருந்து சாப்பிடு, என்கிறார்கள். உறையின் மேல் எழுதித் தருவதைப் படித்துக் காட்டும்போது ‘யி4 த்ஹியென்1 ஸான்1 த்ஸ்ஹ4, மேய்3 த்ஸ்ஹ4 லியாங்3 ப்ஹியென்4’ என்பது காதில் விழும்: நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு இரண்டு மாத்திரை. ‘ஃபான்4-ச்சியென்2’ சாப்பாட்டுக்கு முன், ‘ஃபான்4-ஹோ4’ சாப்பாட்டுக்குப் பின். இத்தொடர்களில் வரும் வேளை, மாத்திரை எண்ணிக்கைகளை மாற்றி மாற்றிப் போட்டு நாள்தோறும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். குவாங்தோங்கின் சொந்த மொழி கான்டனீசு என்றாலும், தோங்குவான் பல மாகாணங்களிலிருந்து தொழிலாளர்கள் வந்து நிறைந்த நகரம். நீங்கள் படிக்கும் பொதுமொழியான மாண்டரின் அங்கே செல்லும்.

கேள்வி: என் மகள் சீனாவில் மருத்துவம் படிக்கிறாள். பாடங்கள் ஆங்கிலத்தில்தான் என்று சொல்லிச் சேர்த்தார்கள். இப்போது சீன மொழித் தேர்வும் எழுத வேண்டும் என்கிறாள். அது உண்மையிலேயே தேவையா? (குடியாத்தத்திலிருந்து ஒரு தந்தை)

தேவைதான். பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கலாம். ஆனால் மருத்துவமனைப் பயிற்சியில் தங்கள் மகளின் முன்னால் உட்காருபவர் ஆங்கிலம் அறியாத ஒரு சீன முதியவராக இருப்பார். அவர் தன் வேதனையைத் தன் மொழியில்தான் சொல்வார். அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளாதவர் பிறர் எழுதிய குறிப்பைப் பார்த்துப் படிக்கலாமே ஒழிய, நோயாளியிடமிருந்து கற்க முடியாது. அதனால்தான் பல பல்கலைக்கழகங்கள் எச்.எஸ்.கே. என்னும் சீன மொழித் தேர்வில் நான்காம் நிலையை எதிர்பார்க்கின்றன. அந்தத் தேர்வு பொதுவான மொழியைச் சோதிப்பது. மருத்துவச் சொற்களை அவர் தனியே படித்தாக வேண்டும்.

அதிலும் இரட்டைச் சொற்கள் உண்டு என்பதை மகளிடம் சொல்லுங்கள். நம் ஊரில் மருத்துவ அறிக்கை ‘வயிற்றுப்போக்கு’ என்று எழுத, பாட்டி ‘பேதி’ என்று சொல்வதுபோல, சீன நோயாளி ‘லா1 தூ4-த்ஸ’ என்பதை மருத்துவர் ஏட்டில் ‘ஃபு4-ஷியெ4’ என்று பதிவார். வீட்டில் ‘ஃபா1-ஷாவ்1’ எனப்படும் காய்ச்சல் ஏட்டில் ‘ஃபா1-ழ4’ ஆகும். ஏட்டுச் சொல்லை மட்டும் படித்தவருக்கு நோயாளி புரியாது, பேச்சுச் சொல்லை மட்டும் படித்தவருக்கு மருத்துவக் குறிப்பு புரியாது.

சொற்களின் இறுதி அசையைக் கவனித்தால் பெரும்பகுதி எளிதாகிவிடும். அழற்சி என்பதற்கு ‘யென்2’. நுரையீரலோடு சேர்ந்து ‘ஃபேய்4-யென்2’ நிமோனியா, கல்லீரலோடு ‘கான்1-யென்2’ கல்லீரல் அழற்சி, இரைப்பையோடு ‘வேய்4-யென்2’ இரைப்பை அழற்சி. ‘ஸூ4’ என்று முடிந்தால் பெரும்பாலும் அது ஒரு வேதிப்பொருளின் பெயர்: மேலே சொன்ன பெனிசிலின், ‘க்ஹாங்4-ஷங்1-ஸூ4’ என்னும் நுண்ணுயிர்க் கொல்லி, ‘வேய்2-ஷங்1-ஸூ4’ என்னும் வைட்டமின், ‘யி2-தாவ்3-ஸூ4’ என்னும் இன்சுலின். புற்றுநோய்க்குரிய ‘ஆய்2’ என்னும் ஒலிக்குப் பின்னால் ஒரு செய்தி உண்டு. அந்த எழுத்தை முன்பு ‘யென்2’ என்றே படித்து வந்தார்கள். இரைப்பை அழற்சியும் இரைப்பைப் புற்றும் காதுக்கு ஒன்றாகவே கேட்டதால், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதன் உச்சரிப்பையே மாற்றினார்கள். மருத்துவமனையில் ஒலித் தெளிவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு மொழியே தன்னைத் திருத்திக்கொண்ட இந்தச் செயலைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: வேலூரில் பொறியியல் படிக்கிறேன், சீனம் என் விருப்பப் பாடம். எழுத்துகளை எழுதக் கற்காமல் பேச மட்டும் கற்றால் போதாதா?

பேச மட்டும் கற்கலாம். ஆனால் நோய் தொடர்பான எழுத்துகளைக் கண்டால் அடையாளம் காணவாவது பழகிக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் சீன எழுத்து மிகவும் ஒழுங்காக அமைந்தது. மேலே ஒரு புள்ளி, அதன் கீழ் ஒரு படுக்கைக் கோடு, அதிலிருந்து இடப்பக்கமாகக் கீழே வளைந்திறங்கும் நீண்ட கோடு, அதன் வெளிப்புறத்தில் ஒட்டிய இரண்டு சிறு கீற்றுகள், ஆக ஐந்து கோடுகள் கொண்ட ஓர் உறுப்பு உண்டு. கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியின் பழைய சித்திரத்திலிருந்து வந்தது அது. நோய், வலி, அரிப்பு, புற்று, கொள்ளைநோய், தழும்பு ஆகிய எல்லாச் சொற்களும் அந்த உறுப்பைத் தலையில் தாங்கியவை. உடலின் பாகங்களில் பெரும்பாலானவை, அதாவது வயிறு, கல்லீரல், நுரையீரல், மூளை, கால் போன்றவை, நிலாவைக் குறிக்கும் எழுத்தைப் போன்ற தோற்றமுடைய, தசையைக் குறிக்கும் உறுப்பை ஏற்றிருக்கும். இருமலிலும் வாந்தியிலும் வாயைக் குறிக்கும் சிறு கட்டம் இருக்கும். மருந்துக்கான எழுத்தின் தலையில் புல் முளைத்திருக்கும். மருந்து முதலில் பச்சிலையாகவே இருந்தது என்பதன் அடையாளம் அது. இந்த நான்கு உறுப்புகளை அறிந்தவர், மருந்துக் கடைப் பெட்டியில் முன்பின் பார்த்திராத சொல்லைக் கண்டாலும் அது நோயா, உறுப்பா, மூலிகையா என்று பெரும்பாலும் ஊகித்துவிடுவார்.

கேள்வி: திருப்பத்தூர் அருகே பரம்பரையாகச் சித்த மருத்துவம் பார்க்கும் குடும்பம் எங்களுடையது. சீனர்களும் நம்மைப்போல உடல் சூடு, குளிர்ச்சி என்று பேசுவதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. ‘ஷாங்4-ஹுவோ3’ என்று அவர்கள் அன்றாடம் சொல்வது, நெருப்பு மேலேறிவிட்டது என்று பொருள்படும். வாய்ப்புண், தொண்டை எரிச்சல், முகப்பரு, மலச்சிக்கல் எல்லாவற்றுக்கும் அதைச் சொல்வார்கள். வறுத்த பண்டமும் லிச்சிப் பழமும் அதிகம் தின்றதால் வந்தது என்பார்கள். அதைத் தணிக்க அவர்கள் குடிப்பது பச்சைப்பயறு வேகவைத்த நீரும் செவ்வந்திப்பூத் தேநீரும். நம் வீடுகளிலும் பயறு குளிர்ச்சி என்றுதானே சொல்கிறோம்? எதிர்ப்பக்கத்தில், குளிர் தாக்கி உடம்பு கெடுவது ‘ஜாவ்2-லியாங்2’. அதற்கு இஞ்சி கொதிக்கவைத்துக் கொடுப்பார்கள். எந்த நோய்க்கும் முதல் ஆறுதலாக அவர்கள் சொல்லும் ‘துவோ1 ஹ1 ழ4 ஷுவேய்3’, வெந்நீர் நிறையக் குடியுங்கள், என்ற சொற்றொடரைத் தாங்கள் சீனர் எவரிடமும் கேட்கலாம்.

தங்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு. நாம் பக்கவாதம் என்பதை அவர்கள் ‘ஜோங்4-ஃபங்1’, காற்றால் தாக்கப்பட்டது, என்கிறார்கள். வாதத்துக்கும் காற்றுதானே அடிப்படை. நாடி பார்ப்பதை ‘பா3-மாய்4’ என்பர். மணிக்கட்டில் மூன்று விரல் வைப்பது அங்கும் உண்டு. ஆனால் அந்த மூன்று இடங்களில் அவர்கள் தேடுவது வாதம், பித்தம், கபம் அல்ல, உள்ளுறுப்புகளின் நிலையை. நம் ஐம்பூதங்களில் காற்றும் வானும் உண்டு. அவர்களின் ஐந்து கூறுகளில் அவற்றின் இடத்தில் மரமும் உலோகமும் நிற்கின்றன. ஆகவே ஒற்றுமையை உரையாடலின் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சையில் ஒன்றுக்கொன்று சமம் என்று கொள்ள வேண்டாம்.

மரபு மருத்துவத்துக்கு ‘ஜோங்1-யி1’ என்றும் ஆங்கில மருத்துவத்துக்கு ‘ஷி1-யி1’ என்றும் பெயர். பெரும்பாலான நகரங்களில் இரண்டுக்கும் மருத்துவமனைகள் உண்டு. மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினினைக் கண்டறிந்து 2015இல் நோபல் பரிசு பெற்ற தூ யோயோ அம்மையார், நான்காம் நூற்றாண்டின் மருத்துவ ஏடு ஒன்றில் ‘ச்சிங்1-ஹாவ்1’ என்னும் மூலிகையைப் பற்றிக் கிடைத்த குறிப்பிலிருந்து வழி கண்டவர். ஏட்டில் உள்ளதை ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்த அவருடைய உழைப்பைத் தங்கள் குடும்பத்து இளைஞர்கள் விரிவாகப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்வி: எனக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. வியாபாரமாகக் குவாங்சோவுக்குப் போகிறேன். கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கும்போது சொற்களைப் படிப்பது வீண் வேலை அல்லவா? (வாணியம்பாடி வாசகர்)

செயலியை எடுத்துச் செல்லுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம். கூகுளின் சேவைகள் சீனாவில் இயங்குவதில்லை. ஆகவே இணையமின்றி இயங்கும் மொழிக்கோப்பை ஊரிலேயே பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். மேலும், மயங்கி விழும் நிலையில் இருப்பவர் செயலியைத் திறந்துகொண்டிருக்க முடியாது. தங்கள் நிலைக்கு வேண்டியவை இரண்டே வாக்கியங்கள்: ‘வோ3 யோ3 த்ஹாங்2-நியாவ்4-பிங்4’, எனக்குச் சர்க்கரை நோய் உண்டு, ‘வோ3 யோ3 காவ்1 ஷுவெ4-யா1’, எனக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு. முதற்சொல்லில் சர்க்கரை, சிறுநீர், நோய் ஆகிய மூன்றும் வரிசையாக நிற்பதால் மறக்காது. சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கினால், ‘வோ3 யாவ்4 த்ஹாங்2’, எனக்குச் சர்க்கரை வேண்டும், என்று கேளுங்கள். தாங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் வணிகப் பெயர் அங்கே எவருக்கும் தெரியாது. வேதிப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் சீன எழுத்தில் எழுதி வாங்கி, மருத்துவச் சீட்டோடு சேர்த்துக் கைப்பையில் வையுங்கள்.

கேள்வி: நம் ஊரின் 108 போலச் சீனாவில் எந்த எண்ணை அழைக்க வேண்டும்? (ஆற்காடு வாசகி)

120. காவல்துறைக்கு 110, தீயணைப்புக்கு 119. தொலைபேசி எண்களைச் சொல்லும்போது ஒன்று என்பதை ‘யி1’ என்னாமல் ‘யாவ்1’ என்பார்கள். ஆகவே யாராவது ‘யாவ்1 அர்4 லிங்2’ என்று கத்தினால் ஆம்புலன்சை அழைக்கச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். நம் 108 போல அது இலவசம் அன்று, கட்டணம் உண்டு. அருகிலிருப்பவரை உதவிக்கு அழைக்க ‘ஜியோ4-மிங்4!’, உயிரைக் காப்பாற்றுங்கள், என்று கூவலாம். தங்கியிருக்கும் இடத்தின் முகவரியைத் தொலைபேசியில் தொனி பிசகாமல் சொல்வது கடினம் என்பதால், விடுதியின் முகவரி அட்டையை எப்போதும் உடன் வைத்திருந்து, பக்கத்தில் இருக்கும் சீனர் ஒருவரிடம் கொடுத்துப் பேசச் சொல்வதே பாதுகாப்பானது.